பிழைக்கும் ஒரு கணக்கு உண்டு

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று தமிழ்நாட்டுச் சுவர்களில் எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். எழுதியவர் எழுத்தறியாதவர் அல்லர். சுவர் என்ற சொல்லைத் தனியாகக் கேட்டால் சின்ன ர போட்டுச் சரியாக எழுதுவார். 'இல்' சேரும்போதுதான் அவர் கை ற்றி என்று வளைகிறது. காரணம் இருக்கிறது. கிணறு கிணற்றில் ஆகிறது, வயிறு வயிற்றில் ஆகிறது, சோறு சோற்றில் ஆகிறது. பேச்சில் கெணத்துல, வயித்துல, சோத்துல என்கிறோம். அதே வாயால் செவத்துல என்றும் சொல்கிறோம். அப்படியானால் செவத்துலவுக்கு எழுத்து வடிவம் சுவற்றில்தான் என்று அவர் மனம் தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. போட்ட வழி சரியான வழிதான். இந்த ஒரு சொல்லுக்கு அது பொருந்தாது, அவ்வளவே. சுவரில் என்பதுதான் சரி.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் எனக்கு. மேல்வகுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு போன ஆசிரியர்கள் உண்டு, நான் கேட்டதில்லை. ஒரு பிள்ளை எழுத்தைப் பிடிக்கும் இடம் அந்த இரண்டு வகுப்புகள்தான். சொல்வதெழுதுதல் நோட்டுகளைத் திருத்தித் திருத்தி எனக்கு உறுதிப்பட்ட செய்தி ஒன்று: பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லின் எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. கேட்டதிலிருந்தும் கண்டதிலிருந்தும் ஒரு கணக்கைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பிழைகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கின் விடைகள்.

முதலில் வடிவம். தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பெற்றோர் பயப்படுவார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1; கூட்டினால் 247 வரத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையும் 247 வடிவம் படிப்பதில்லை. முப்பது சொச்சம் வடிவங்களும் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய குறிகளும்தான் படிக்கிறது. நான் அ-வில் தொடங்குவதில்லை. வரைவதற்குக் கடினமான எழுத்துகளில் ஒன்று அது. பெரும்பாலும் நேர்க்கோடாக வரும் ட, ப, ம மூன்றையும் கொடுத்தால் படம், மடம், பட்டம் என்று பிள்ளை சொல்லையே படித்துவிடும். துணைக்காலைக் காட்டியதும் பாடம், மாடம், பாப்பா, மாமா. க-வுக்குப் போட்ட காலைச் ச-வுக்கும் போடலாம் என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை, அதுவாகப் போட்டுவிடும்.

அது தடுக்கி நிற்கிற இடம் உகரம். கு-வுக்கு வளைத்ததைப் போலத் து-வுக்கும் வளைக்கப் பார்க்கும். பிள்ளையின் கணக்கு இங்கேயும் சரிதான், எழுத்துதான் ஒழுங்கு தவறுகிறது. அதனால் பதினெட்டையும் கரும்பலகையில் மூன்று வீடாகப் பிரித்து எழுதிப் போடுவேன். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறக்கும் வீடு. கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றும் வீடு. ஞு, ணு, து, நு, லு, று, னு வலப்பக்கம் கால் ஏற்றும் வீடு. வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் மாதக்கணக்கில் குழம்பும் பிள்ளை, வீடு பிரித்துக் காட்டினால் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நான் சிறுமியாக இருந்தபோது இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாக இருந்தது. லை, னை, ளை, ணை நான்குக்கும் மேலே யானைத் தும்பிக்கை வைத்து எழுதினோம். றா, ணா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் தம்மோடு சுழித்துக்கொள்ளும். றொ, ணொ, னொ, றோ, ணோ, னோ ஆகியவையும் அப்படித்தான். பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் இவற்றை மற்ற எழுத்துகளைப் போல ஆக்கி அச்சிட்டார். 1978இல் தமிழக அரசு அந்த 13 எழுத்துகளின் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன்: தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்து விஷயத்தில் நடந்த மிகப் பெரிய உதவிகளில் அது ஒன்று. பதின்மூன்று விதிவிலக்குகள் ஒரே ஆணையில் போயின.

வடிவம் கைக்கு வந்த பிறகு ஒலி. தமிழைப் புதிதாகப் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள், கடல், அக்கா, தங்கம், அகம் நான்கிலும் க வேறு வேறாக ஒலிக்கிறதே, ஒரே எழுத்தை எப்படி எழுதுவது என்று திணறுவார்கள். நம் பிள்ளைகள் அதில் ஒருநாளும் திணறியதில்லை. அவர்கள் காதுக்கு அது ஒரே க. நாவு இருக்கும் இடத்தைப் பார்த்துக் கடினமாகவோ மென்மையாகவோ தானாக ஒலித்துக்கொள்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில்தான் அவர்கள் விழுகிறார்கள். குடம் என்று சொன்னால் கொடம் என்று எழுதுவார்கள், இலை என்றால் எலை, உலகம் என்றால் ஒலகம். இவற்றைத் தனித்தனிப் பிழை என்று நினைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கிணறு, விறகு, இலை, இடம் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் கெணறு, வெறகு, எலை, எடம் என்று எழுதிப் போட்டால், "டீச்சர், வாயில எ வந்தா நோட்டுல இ" என்று பிள்ளையே சொல்லும். அதற்கும் விலக்கு உண்டு. ஆனாலும் பெரும்பாலான சொற்களுக்கு அது வழி காட்டிவிடும்.

அடுத்து வருவதுதான் பெரியவர்களையும் விடாத பாடு: ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் வாளப்பளம்தான். ர-வுக்கும் ற-வுக்கும் வாயில் வேறுபாடே கிடையாது. குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் பேசினால் அந்த வேறுபாடு காதிலேயே விழும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காது உதவாத இடத்தில் கண்ணும் கணக்கும்தான் உதவ வேண்டும்.

கண் உதவத்தான் செய்கிறது. ஒன்றாம் வகுப்பில் நாய் என்று சொன்னால் னாய் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் வகுப்புப் பாதியில் பார்த்தால் அந்தப் பிழை வகுப்பிலேயே இருக்காது. யாரும் விதி சொல்லியிருக்க மாட்டோம். ண, ன, ள, ழ, ற ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்று தொல்காப்பியம் சொல்கிறது. தொல்காப்பியத்தின் பெயரே தெரியாத ஏழு வயதுப் பிள்ளை, பாடப்புத்தகத்தில் நரி, நகம், நண்டு, நூல் என்று பார்த்துப் பார்த்து அந்த நூற்பாவைத் தானே எழுதிக்கொள்கிறது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ரெபெக்கா ட்ரைமன் ஆங்கிலம் எழுதப் பழகும் பிள்ளைகளிடம் இதைத்தான் பார்த்திருக்கிறார். சொல்லின் தொடக்கத்தில் ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் அது சொல் மாதிரி இல்லை என்று, எழுதப் பழகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே உணர்ந்திருந்தார்கள் என்று அவரும் அவருடைய சகாவும் 1997இல் எழுதினார்கள். ஆங்கிலம், தமிழ் என்ற பேதம் இதில் இல்லை. நிறையப் பார்க்கும் கண் தானாகவே ஒழுங்கைக் கண்டுபிடிக்கும். பார்ப்பதற்கு நிறைய இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

சொல்லுக்கு நடுவில் வந்தால் பக்கத்து எழுத்தைப் பார்க்க வேண்டும். ட-வுக்கு முன்னால் மூணு சுழி: நண்டு, வண்டி, பண்டம். ற-வுக்கு முன்னால் ரெண்டு சுழி: கன்று, நன்றி, தென்றல். த-வுக்கு முன்னால் ந்: பந்து, சொந்தம், வந்தான். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பழைய ஆசிரியர்கள் பெயரிலேயே இதை வைத்துச் சொன்னார்கள். இப்போது அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றுகிறது, நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பணியும் பனியும், மணமும் மனமும், வாணமும் வானமும் இருக்கின்றன. அந்தச் சுழி எழுத்து ஒற்றாக நிற்காத இடத்தில் அந்த விதிக்கு வேலை இல்லை.

நான் அதிக நேரம் செலவழித்தது வேறொரு கணக்கில். அதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் தரவில்லை, பிள்ளைகளின் நோட்டுகளிலிருந்து எடுத்தேன். நன்னூலைப் பிறகு ஊன்றிப் படித்தபோது புணர்ச்சி விதிகளாக அது ஏற்கெனவே அங்கே இருந்தது. ல, ன, ற மூன்றும் ஒரு குடும்பம். ள, ண, ட மூன்றும் இன்னொரு குடும்பம். முதல் மூன்றுக்கும் நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் ஈறுப்பக்கம் போகிறது. அடுத்த மூன்றுக்கும் நாக்கு மடிந்து மேல் அண்ணத்தைத் தொடுகிறது. ஒரு குடும்பத்து எழுத்து மாறும்போது தன் குடும்பத்துக்குள்தான் மாறும். கல் என்றால் கற்கள், முள் என்றால் முட்கள். நில், நின்றான், செல், சென்றான், வெல், வென்றான். கொள், கொண்டான், ஆள், ஆண்டான், உருள், உருண்டது, சுருள், சுருண்டது.

இதை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "பந்து உருல்கிறது" என்று ஒருவன் எழுதியிருப்பான்.

"ஏய்யா, நேத்து பந்து என்ன ஆச்சு?"

"உருண்டு போச்சு டீச்சர்."

"உருண்டு எந்தச் சுழி?"

"மூணு சுழி."

"மூணு சுழியோட கூட்டாளி யாரு, ல-வா ள-வா?"

அவனே அழித்துவிட்டு ள போடுவான். அதற்குப் பிறகு சுருளையும் திரளையும் இருளையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உருண்டு என்பது அவன் வாயில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத எழுத்துக்கு அவனை நடக்கவிட்டால் போதும்.

கிணற்றுக் கதையும் அப்படித்தான். காற்று, நேற்று, ஆற்றில் எல்லாம் பேச்சில் காத்து, நேத்து, ஆத்துல. பிள்ளை அப்படியேதான் எழுதும். பேச்சில் த்த வந்தால் எழுத்தில் ற்ற என்று சொல்லிக்கொடுத்தோமானால், அடுத்த நாளே வாத்து வாற்று ஆகிவிடும், பத்து பற்று ஆகிவிடும். அதனால் விதியாகச் சொல்லாமல், அந்தச் சொல்லின் வீட்டைத் தேடச் சொல்வேன். கெணத்துல என்கிறாயே, எங்கே? கிணறு. அங்கே று இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் கிணற்றில். வாத்துக்கு அப்படி ஒரு வீடு இருக்கிறதா? இல்லை. அப்படியானால் வாத்து வாத்துதான். செவத்துல? சுவர். அங்கே று இல்லை. ஆகவே சுவரில். மூன்றாம் வகுப்புக்குப் போகும் முன்பே இதை முறையாகக் கற்ற பிள்ளை, வளர்ந்த பிறகு சுவரில் எழுதப் போனாலும் சரியாகத்தான் எழுதும்.

காது சில இடங்களில் உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். ர இரட்டிக்காது. ழ-வும் இரட்டிக்காது. அழுத்தி ஒலித்தால் அது ள்ள: பள்ளி, வெள்ளி, கள்ளி. சொல் மெய்யெழுத்தில் முடிந்து, அது ர-ஒலியாக இருந்தால் அது சின்ன ர-தான்: தேர், ஊர், மலர், வேர். ற் சொல்லின் கடைசியில் நிற்காது. இந்த நாலு செய்தியிலேயே பல பிழைகள் அடங்கிவிடும்.

பெரியவர்கள் எழுத்தில் நான் மிகுதியாகப் பார்ப்பது முயற்ச்சி, பயிற்ச்சி, ஆட்ச்சி. அரசு அலுவலக அறிவிப்பிலும் பார்த்திருக்கிறேன், ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் எழுதிய அட்டையிலும் பார்த்திருக்கிறேன். வளர்ச்சி, தேர்ச்சி, காய்ச்சல், வாழ்க்கை, வாழ்த்து எல்லாம் மனத்தில் இருப்பதால் வரும் பிழை இது. ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வரலாம். ட், ற் இரண்டுக்குப் பின்னால் வராது. அவை இரண்டும் வல்லினம். ஏற்கெனவே காற்றை அடைத்து நிற்பவை. அதன்மேல் இன்னோர் அடைப்பு வாயால் முடியாது. முயற்சி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இன்னொரு ச்-க்கு அங்கே இடமே இருக்காது. தொல்காப்பியர் ய், ர், ழ் மூன்றையும் தனியாக எடுத்துச் சொன்னதன் நியாயம் அப்போது விளங்கும். ஒற்று மிகும் இடங்கள் என்று பெரிய பட்டியலை உயர்நிலைப் பள்ளியில் கொடுப்பார்கள். எனக்கு அதில் இரண்டுதான் சிறு வகுப்புக்குத் தேவைப்பட்டன: 'ஐ'-க்குப் பின்னால் மிகும், 'கு'-வுக்குப் பின்னால் மிகும். அவனைப் பார்த்தேன், வீட்டுக்குப் போனேன். மற்றவை படிக்கப் படிக்க வரும்.

கணக்குக்கு அடங்காத சொற்கள் இருக்கின்றன, மறைப்பதில் பயனில்லை. மரத்துக்கு ஏன் ர, அறத்துக்கு ஏன் ற என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் விடை கிடையாது. அங்கேயும் ஒற்றைச் சொல்லாகக் கொடுக்காமல் உறவோடு கொடுப்பேன். எங்கள் ஊர் மண் கரிசல். கரிசல், கரி, கரிய, கருமை, கார்மேகம் எல்லாம் ஒரு கூட்டம், எல்லாவற்றுக்கும் சின்ன ர. அடுப்புக்கரி அந்தக் கூட்டத்தில் சேரும். குழம்பில் போடுகிற கறி சேராது. (கருப்பா கறுப்பா என்று பிள்ளை கேட்டால் இரண்டும் வழக்கில் உண்டு என்றே சொல்லிவிடுவேன், பண்டிதர்களே அதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.) ழ-வுக்கும் அப்படியே. பழம், பழுத்தது, பழுப்பு ஒரு வீடு. உழவு, உழுதான், உழவர் சந்தை இன்னொன்று. எழு, எழுந்தான், எழுச்சி வேறொன்று. ஒன்று தெரிந்தால் மூன்று தெரிந்த மாதிரி. எண்ணெய் என்பதை எண்ணை என்று எழுதும் பிள்ளைக்கு எள்ளையும் நெய்யையும் காட்டிவிட்டால், வெண்ணெயையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளும்.

இம்போசிஷனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒரு பிள்ளை வாளைப்பளம் என்று எழுதிவிட்டால் வாழைப்பழம் என்று நூறு முறை எழுதிவரச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். பிள்ளை முதலில் பக்கம் முழுக்க வா, வா, வா என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். பிறகு அதன் பக்கத்தில் ழை, ழை, ழை. பிறகு ப், ப், ப். நூறு வரி எழுதி முடித்தும் அது வாழைப்பழம் என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதியிருக்காது. கை வலித்ததுதான் மிச்சம். எழுதுவது என்றாலே தண்டனை என்று அது படித்துக்கொள்ளும். நூறு முறைக்குப் பதில், அந்தச் சொல் வருகிற ஒரு சின்னக் கதையை வாய்விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லலாம்.

பார்ப்பது குறைந்தால் என்ன ஆகும் என்பதை என் பணியின் கடைசிக் காலத்தில் கண்ணால் கண்டேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. அந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பை வகுப்பறையில் பார்க்காதவர்கள். செல்போன் பாடத்தில் எழுத்தைக் காட்டினால் பெயர் சொன்னார்கள். பலப்பத்தைக் கையில் கொடுத்தால் எழுத வரவில்லை. நாய் மறுபடி னாய் ஆகியிருந்தது, அதுவும் இரண்டாம் வகுப்பில். 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து தொடங்கலாம் என்று வழி விட்டது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். அந்தப் பிள்ளைகளுக்கு நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. வகுப்புச் சுவர் முழுக்கச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக ஒட்டினேன், நாள்தோறும் வாய்விட்டுப் படிக்க வைத்தேன். கண் நிறைய நிறையக் கணக்கு தானாகத் திரும்பி வந்தது.

செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, ஒன்றைத் தொட்டால் போதும். பிழை குறையும் என்கிறார்கள். வந்து நிற்கும் மூன்றில் எது சரி என்று தெரிந்தவருக்குக் குறையும். மனத்தில் குடும்பம் இல்லாதவர் கண்ணில் முதலில் பட்டதைத் தொடுவார்.

வீட்டில் பிள்ளை இருக்கிறவர்களிடமும், சிறு வகுப்பு எடுக்கிற இளைய ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொல்வதெழுதுதல் நோட்டில் பிழையைக் கண்டதும் சிவப்பு மையை எடுக்காதீர்கள். "இதை ஏன்யா இப்படி எழுதினே?" என்று முதலில் கேளுங்கள். பிள்ளை காரணம் சொல்லும். அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகு திருத்துங்கள்.